புத்தகத்துக்கு முன்னால புத்தகப் படம்

நூலகத்துல வேலை செய்றவன் நிறைய வாசிப்பான் எண்டு நினைக்கிற ஆள், சத்தியமா ஒரு நூலகத்துக்கும் போகாத ஆள். நாங்க வாசிக்கிறது ரெண்டுதான்: மேலிடத்துல இருந்து வாற கடிதம், அடுத்தது சுவர் மணிக்கூடு.

நான் ஏ.எல் படிப்பப் பாதியில விட்டவன். கண்டக்குழியில வெள்ளைக்காரங்க தங்குற லொட்ஜ்ல மூணு கிழமை, போன் கடையில ரெண்டு மாசம். ரெண்டு இடத்துலயும் வாய் சும்மா இருக்காம வெளிய வந்தேன். பிறகு எங்கட ஊர் நூலகத்துல 'டிஜிட்டல் உதவியாளர்' எண்டு ஆறு மாசத்துக்கு எடுத்தாங்க. தகுதி என்னெண்டு கேட்டா, என்ட போன் கெமராவுல கீறல் இல்ல, அவ்வளவுதான். ஆக்கள நூலகத்துக்குக் கூப்பிடுறது பழைய முறையாம். இனி நூலகமே இணையத்தால வீடு வீடாப் போகுமாம். பொறுப்பாளர் சேர் அப்பிடித்தான் சொன்னார். இப்பிடிப் பேச்சுக் கேட்டு "ஓம் சேர்" எண்டு தலையாட்டிப் பழகின கழுத்து வலிக்காரங்களே, இது உங்களுக்குத்தான்.

தேக்கு அலுமாரி

முதல் வேலை ஸ்டூடியோ. லைவ் போடுறதுக்கு ஒரு அறை வேணுமாம். இருக்கிறதே ரெண்டு அறை. உள் அறையில இரும்பு அலுமாரிகள் இருந்துச்சு, கடல் காத்துல துரு ஏறி, ஓ.எல் சோதனைட பழைய வினாத்தாள், அதான் பாஸ்ட் பேப்பர், புத்தகமெல்லாம் அதுலதான். கெமராவுல பார்த்தா பழைய இரும்புக் கடை மாதிரித் தெரியுது எண்டு சேருக்குக் கவலை. புத்தளத்துல ஒரு பெரிய பெனர் அடிச்சுக் கொண்டு வந்தார். அதுல என்ன படம்? புத்தக அலுமாரி! நல்ல தேக்குல செஞ்சது, ஏணி வேற சாய்ச்சு வச்சிருக்கு. அதை எங்கட அலுமாரிக்கு முன்னால கயிறு போட்டுக் கட்டினோம்.

அந்த நேரம் பார்த்து கண்டக்குழியில இருந்து பாயிஸா ராத்தா வந்தா. சின்னப் பிள்ளையள்ட நர்சரியில உதவிக்கு நிக்கிறவ. புருஷன் கடலுக்குப் போறவர். இந்த முறை ஓ.எல்ல மெட்ஸ், அதான் கணக்கு, பாஸ் பண்ணினா டீச்சரா எடுப்பாங்க, இல்லாட்டி அந்த இடம் வேற ஆளுக்கு. ரெண்டு முறை எழுதிட்டா, இது மூணாவது. பாஸ்ட் பேப்பர் புத்தகம் கேட்டா. பெனருக்குப் பின்னால இருக்கு, அவிழ்க்க ஏலாது எண்டு சேர் சொல்லிட்டார். ராத்தா அந்த ஏணிய மேலயும் கீழயும் பார்த்துட்டு என்னட்டக் கேட்டா: "தம்பி, பானையில சோறு இருக்கத்தக்கன சோத்துப் படத்தையா பரிமாறுறீங்க?"

கதவுல ஒட்டின கட்டம்

சேர் சும்மா விடல்ல. பாஸ்ட் பேப்பர் எல்லாம் இனி கியூஆர்ல எண்டு ஒரு கறுப்புக் கட்டத்த அச்சடிச்சுக் கதவுல ஒட்டினார். போனக் காட்டினா புத்தகம் வந்து விழுமாம். ராத்தா அடுத்த கிழமையும் பஸ் ஏறி வந்தா. அவட கையில இருந்தது பட்டன் போன். அதைக் கட்டத்துக்கு நேர காட்டினா, கட்டம்தான் போனப் பார்த்துப் பாவப்படும்.

சரி எண்டு என்ட போனால காட்டினேன். நூலகத்துட பக்கம் திறந்துச்சு. சேர் ரிபன் வெட்டுற படம். கீழ இறக்கினேன், சேர் மைக் பிடிக்கிற படம். இன்னும் இறக்கினேன், சேர் சும்மா நிக்கிற படம். கடைசியில 'வினாத்தாள்கள் விரைவில்'. ராத்தா குனிஞ்சு வடிவாப் பார்த்தா, கண்ணாடியத் தூக்கி விட்டா. "சேர்ட முகத்துல எத்தினையாம் கேள்வி தம்பி இருக்கு?"

ஜன்னல் கதை

சனிக்கிழமையில சின்னப் பிள்ளையளுக்கு சூம்ல கதை சொல்றது எண்டு முடிவாச்சு. வீட்டுல இருந்தே பார்க்கலாமாம். எந்த வீட்டுல? ஓலைக் குடிசைக்கும் தகரக் கொட்டிலுக்கும் சிக்னல் தேடிக்கொண்டு வரவா போகுது? வாப்பாட போன வாங்கிக்கொண்டு பிள்ளையள் எல்லாம் நூலகத்துக்கே வந்துட்டாங்க. வைஃபை இங்கதானே இருக்கு.

உள்ளுக்கு விட்டமா? இல்ல. கதவுல 'இணைய நிகழ்ச்சி நடைபெறுகிறது, உள்ளே வரக்கூடாது' எண்டு போர்ட். பிள்ளையள் வெளிப் படியில குந்தியிருந்து, சுவருக்கு அங்கால இருந்து கதை சொல்ற மனிசனப் போன்ல பார்த்தாங்க. நரி கிணத்துல விழுறது ஜன்னலால முதல்ல கேக்கும். போன்ல நரி இன்னும் காட்டுல நடந்துகொண்டு இருக்கும். ஒரு சின்னப் பெட்டை போன மூடி வச்சுட்டு எழும்பி, அண்ணனக் கூப்பிடுற மாதிரி என்னக் கூப்பிட்டா: "நானா, ஜன்னல்ல நெட் நல்லா இருக்கு, நான் அதுல பாக்கட்டா?"

ஆடு கிடைச்ச குறூப்

அடுத்தது வாட்ஸ்அப் குறூப். 'நூலகரைக் கேளுங்கள்' எண்டு பேர். காலையில பூவும் சலாமும், பகல்ல ஆர் செத்தது எண்டு மையத்து அறிவிப்பு, பின்னேரம் ஐஸ் லொறி எங்க நிக்குது எண்டு விசாரிப்பு. பக்கத்து வீட்டுப் போனால பாயிஸா ராத்தா வொய்ஸ் ஒண்டு போட்டா: திங்கக்கிழமை மெட்ஸ் சோதனை, அந்தப் புத்தகம் ஒரு நாளைக்கெண்டாலும் தாங்க எண்டு. குரல் கொஞ்சம் உடைஞ்சுதான் இருந்துச்சு. சேர் பதில் போட்டார்: 'உங்கள் ஈடுபாட்டுக்கு நன்றி.' பக்கத்துல கைகூப்பின பொம்மை.

எனக்கு வந்த விசருக்குக் குறூப்ப விட்டே போயிருப்பேன், ஆனா அட்மினே நான்தான். வலை பின்னுற நிக்கலஸ் அண்ணன் சந்தியில என்னக் கண்டு கையப் பிடிச்சுக் குலுக்கினார். "டேய் தம்பி, லைப்ரரி குறூப் அருமையான குறூப்டா, என்ட ஆடு அதுலதான் கிடைச்சது!"

லைவ்

வெள்ளிக்கிழமை மேலிடத்து ஆக்கள் பார்க்கிறாங்க எண்டு பெரிய லைவ். சேர் டை கட்டி, தேக்கு அலுமாரிக்கு முன்னால கதிரையில. நான் போனப் பிடிச்சுக்கொண்டு. இன்னும் ஒரு மாசம் ஒழுங்கா இருந்தா வேலைய நீட்டித் தருவன் எண்டு காலையிலதான் சொன்னவர். அப்பதான் வாசல்ல பாயிஸா ராத்தா. சேர் கண்ணால 'அடுத்த கிழமை' எண்டு காட்டினார். அடுத்த கிழமை அவக்கு அந்தப் புத்தகம் என்னத்துக்கு, வடை சுத்தவா?

நான் ஒரு கையால போனப் பிடிச்சேன். மத்தக் கையால பெனர்ட ஓரத்தக் காட்டினேன். ராத்தாவுக்கு ரெண்டாந்தரம் சொல்லத் தேவையில்ல. அபாயாவச் சுருட்டிப் பிடிச்சு உள்ளுக்குப் பூந்துட்டா.

சேர் பேசுறார்: "இனி எந்த வாசகரும் நூலகத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை..." அவர்ட தோளுக்குப் பின்னால தேக்கு அலுமாரிக்கு வயிறு தள்ளுது. இரும்புக் கதவு கிறீச் எண்டு கத்துது. ஏணிக்குப் பக்கத்தால ஒரு கை வெளிய வருது, கையில மெட்ஸ் பாஸ்ட் பேப்பர். பிறகு கயிறு அறுந்து தேக்கு அவ்வளவும் சேர்ட தலையில. பின்னால துருப்பிடிச்ச அலுமாரி, அதுக்கு முன்னால தூசியோட ராத்தா. லைவ்ல அதுவரைக்கும் கண்ட கண்ட இதயம்தான் பறந்துகொண்டு இருந்துச்சு. இப்ப ஆக்கள் எழுதத் தொடங்கிட்டாங்க: அந்தப் புத்தகம் அங்க இருக்கா? சயன்ஸும் இருக்கா? நூலகம் திறந்தா இருக்கு? ராத்தா பெனருக்குள்ள கிடந்து துள்ளுற சேரப் பார்த்து, மரியாதையாக் கேட்டா: "சேர், இதை எத்தினை நாளைக்குள்ள திருப்பித் தரணும்?"

நான் போன மேசையில சாத்தி வச்சுட்டு, புத்தகத்துல பதினாலு நாள் முத்திரை குத்திக் குடுத்தேன். அண்டைக்கே என்ட வேலையும் போச்சு. திங்கக்கிழமை காலையில மத்தப் பாடங்கள்ட பாஸ்ட் பேப்பர் கேட்டு ஆக்கள் வாசல்ல நிண்டதுல, உள் அறையத் திறந்து விட வேண்டி வந்துச்சாம். ராத்தா புத்தகத்தப் பதினாலாம் நாள் குடுத்துட்டா. ரிசல்ட் வந்தண்டு எங்கட வீட்டுக்கு ராத்தா குடுத்து விட்ட இனிப்பு வட்டிலப்பம் வந்துச்சு, மெட்ஸ் பாஸ், நர்சரியில இப்ப அவ பாயிஸா டீச்சர்.

அஞ்சு மாசமா நாங்க போட்ட இணைய நிகழ்ச்சி அத்தனையிலயும் சனம் விழுந்து விழுந்து பார்த்தது ஒண்டே ஒண்டுதான், ஒரு பொம்பளை நூலகத்துக்கு வந்து புத்தகம் எடுத்துக்கொண்டு போனது.