அப்பாவுக்குப் பின்னால் மாட்டிக்கிட்ட மெனு

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு மாடி ரூம்ல உக்காந்து வெப்சைட் செஞ்சு குடுக்குறவன் நான். குரும்பலூர்ல கல்யாண மண்டபம் வச்சிருக்கவர் ஒருத்தர் வந்தாரு. சைட்டைத் தொறந்ததும் அவரோட காலமான அப்பா படம், மாலையோட வரணுமாம். "அப்பா எல்லாத்துக்கும் மேல இருக்கணுங்க சார்." எது மேல, எது அடியிலன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு, பெரிய நம்பர்தான் மேல நிக்கும். நானும் புத்தி கெட்டுப்போயி அப்பாவுக்கு 9999 போட்டுட்டேன்.

வந்துச்சு வினை. தேதி பாக்குற மெனுவைத் தொட்டா பட்டியல் விரியுது, ஆனா அப்பா படத்துக்குப் பின்னால விரியுது. ஆவணி பொறக்கப்போவுது, ஒரு முகூர்த்தம்கூடப் பதிவாகல. இந்த வருஷமும் மண்டபம் பூட்டிக் கெடந்தா வித்துட வேண்டியதுதான்னு மனுசன் கண்கலங்கிட்டாரு.

"அப்பா நம்பரைக் குறைச்சா ரெண்டு நிமிசத்துல சரியாயிடும்"னேன்.

"அப்பாவைக் கீழ எறக்கவா? வாயைக் கழுவுங்க சார்!"

"சரி, அவரு அங்கேயே இருக்கட்டும். மெனுவுக்குப் பத்தாயிரம் போடுறேன்."

"அப்ப அது அப்பா மொகத்து மேல வந்து ஏறுமே!"

எனக்கு வந்த கோவத்துக்கு லேப்டாப்பைத் தூக்கி அவர் தலையிலயே போட்டிருப்பேன். கடைசியில, அப்பாகிட்டயே பூக்கட்டிக் கேட்டுடலாம்னாரு.

அவங்க வூட்டுல அப்பா படத்துக்கு முன்னாடி லேப்டாப்பை வச்சு, சூடம் ஏத்துனாங்க. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா மெனு மேல வரலாம். இதுக்கா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன்னு நொந்துக்கிட்டே நானும் கும்பிட்டு நின்னேன். அவர் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்தாரு.

செவப்பு.

"அப்பா விடமாட்டேங்கிறாரு சார்"னு தரையில உக்காந்துட்டாரு.

அடுப்படியிலேர்ந்து அவங்க அம்மா வந்தாங்க. "உசுரோட இருந்தப்ப அந்த மனுசன் எதுக்குடா மொத தடவையே சரின்னாரு? இன்னொரு தடவை கேளு."

வெள்ளை வந்துச்சு.

நம்பரை மாத்தினேன். மெனு விரிஞ்சு அப்பாவோட மீசையையும் வாயையும் மூடிக்கிச்சு. மகன் கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

மறுநாள் நான் அங்க இருக்கும்போதே வேப்பந்தட்டையிலேர்ந்து போன், சைட்டுல தேதி பாத்தோம், ஆவணியில ஒரு முகூர்த்தம் வேணும்னு. மகன் தடுமாற, அம்மாவே போனை வாங்கி, "மண்டபம் இருக்குங்க, வாங்க"ன்னு முடிச்சுட்டாங்க. அப்பறம் மெனு விரிஞ்சு அப்பா வாயை மூடிக் கெடந்த ஸ்க்ரீனைப் பாத்து, "நாப்பது வருஷத்துல நான் ஒண்ணு சொல்லி இந்த மனுசன் குறுக்க பேசாதது இன்னைக்குத்தான்"னு சிரிச்சாங்க.

முந்தானையால ஸ்க்ரீனைத் தொடைச்சாங்க. கண்ணு நெறைஞ்சிடுச்சு.

"அதை மூடு தம்பி. அவரு வாய் தெரியட்டும்."