உங்கட ஸ்க்ரம்

இன்று ஸ்காபரோ கொத்துரொட்டிக் கடை டிவியில் கனடா ரக்பி அணி தோற்றுக்கொண்டிருந்தது. எட்டுப்பேர் தோள் கோத்து எதிரணியைத் தள்ளும் ஸ்க்ரம் ஆயிரத்தெட்டாவது தடவையாகச் சரிந்தது.

ரக்பிச் சக்கரவர்த்தியாகிய நான், கனடா ஜேர்சியோடு பக்கத்தில் நின்ற தமிழ்ப்பெண்ணிடம் திருவாய் மலர்ந்தேன்: “உங்கட ஸ்க்ரமைவிட இந்தக் கடை இடியப்பம் உறுதி, பிள்ளை!”

“ஓம் அங்கிள், மட்ச் படுமோசம்தான். அதென்ன ‘உங்கட’? அப்ப உங்கட டீம் எது?”

அண்டசராசரமும் அதிரப் பேசும் நான், கடை மெனுவை வாசிக்கத் தொடங்கினேன். இலங்கை என்று சொல்ல மனம் வரவில்லை. முப்பது வருடம் இங்கே இருந்தும், கனடா என்றும் வரவில்லை.

“நான் சும்மா பாக்கிறன், பிள்ளை.”

அவள் டிவியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்: “தள்ளுங்கோடா!”

தோற்கும்போதும் அப்படிக் கத்த எனக்கொரு அணி இல்லையே என்று பொறாமையாக இருந்தது.

உங்கள் அணியில் இடமிருந்தால் சொல்லுங்கள். இடியப்பம்போலத்தான் தள்ளுவேன்.