செவ்வந்தி மாலை போட்ட கணினிகள்

அப்பா ஹெப்பாள் பக்கம் கட்டட மேஸ்திரி. கல்லூரியில் நான் பார்க்கும் வேலையை அவருக்கு விளக்கி விளக்கி, கடைசியில் நானும் மேஸ்திரிதான் என்று சொல்லிவிட்டேன். பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு போட்டு, ஆய்வகங்களில் சும்மா கிடக்கும் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பேன். ஒன்று படுத்துவிட்டால் அதன் துண்டு இன்னொன்றுக்குப் போகும். "டீ கேக்காத ஆளுங்க. குடுத்து வெச்சவன்டா நீ" என்றார் அப்பா.

போன தசராவில், ஆயுதபூஜைக்கு முந்தின நாள், எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் டாக்டரம்மா ஒருவர் மருத்துவமனையிலிருந்து அழைத்தார். பச்சைக் குழந்தை, வலிப்பு நிற்கவில்லை. எந்த மரபணுவில் கோளாறு என்று தெரிந்தால் மருந்தை மாற்றலாம். தகவலை அனுப்புகிறேன், விஜயதசமி காலையில் பதில் கிடைக்குமா என்றார். எல்லாக் கணினிகளும் இடைவிடாமல் ஓடினால் கிடைக்கும். கிடைக்கும் என்றேன். மறுநாள் என்ன நாள் என்பது, போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஆய்வகங்களின் சாவி, கொள்ளேகாலைச் சேர்ந்த அட்டெண்டர் அக்காவிடம் இருக்கும். காலையில் குங்குமத் தட்டோடு வந்தவர் நேராக மெயின் சுவிட்சுக்குப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் ஓயட்டுங்க சார். பூசையன்னிக்கு மெசினு ஓடக்கூடாது."

"பஸ்ஸுக்குப் பூஜை போட்டுட்டு ஓட்டறாங்களே அக்கா?"

"அது எலுமிச்சம்பழத்த நசுக்கீட்டுப் போவுது. இது எதுலீங்க நசுக்கும்?"

வாதத்தை விட்டுவிட்டுக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அக்கா சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். திரைகளை மட்டும் அணைத்து அவற்றுக்குப் பூஜை, பெட்டிகள் பாட்டுக்கு ஓடட்டும் என்று முடிவானது.

வென்ற மிதப்பில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது. ஓடுகிற பெட்டிகளை வெறுமனே விடுவானேன் என்று, தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய செவ்வந்தி மாலைகளை ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே சுற்றினேன். வீட்டுக்குப் போய்க் கேசரிபாத்தில் கை வைத்தபோது போனில் எச்சரிக்கை மணி கூவியது. கணினிகள் வரிசையாக அணைந்துகொண்டிருந்தன. பின்புறக் காற்றுத் துளைகளை மாலைகள் அடைத்ததில் எல்லாம் கொதித்துப் போயிருந்தன. மிஞ்சிய சிலவற்றின் தலையில் மொத்த வேலையும் விழுந்திருந்தது.

கை கழுவாமல் ஓடினேன். அக்காவும் வந்து மாலைகளைக் கழற்றினார். "பூசைக்குக் குறுக்க நின்னவரு நீங்க. கடசீல எங்களவிட ஜாஸ்தி பண்ணீருக்கீங்க."

விசிறிகளிலிருந்து இதழ்களை ஊதி எடுத்து, ஒவ்வொன்றாக மறுபடி எழுப்பினோம். கணக்கு முடியாமல் இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அதிலேயே தூங்கி வழிந்ததை வீரத்தில் சேர்க்க வேண்டாம்.

விஜயதசமி காலையில் பதில் வந்தது. சந்தேகத்துக்குரிய மரபணு ஒன்று தெளிவாக நின்றது. டாக்டரம்மா சரிபார்த்து மருந்தை மாற்றினார். இரண்டு நாள் கழித்து அழைத்து, வலிப்பு நின்றுவிட்டது, குழந்தை பால் குடிக்கிறது என்றார்.

அக்காவிடம் சொன்னேன். போய் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, என் நாற்காலியின் சக்கரத்துக்குக் கீழே வைத்தார்.

"உக்காந்து நகருங்க சார். கனமான ஆளு, ஒரே நசுக்குல நசுங்கீரும்."