முப்பத்தேழாவது தகவலாளர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும், முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியதும் நான்தான். ஆகவே அடுத்தவர் வரியைத் திருடியதாகப் பெயர் வாங்கும் முதல் ஆளும் நானாகத்தானே இருக்க முடியும்?

குற்றாலத்துச் சீசன் வியாபாரிகளின் தொழில் வழக்குகள்தான் என் ஆய்வுப் பொருள். அருவிக்கு அருவி அலைந்து, முப்பத்தாறு பேரிடம் பேசி எழுதி முடித்திருந்தேன். சமர்ப்பிக்கும் முன் ஆய்வேட்டை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். வேறு ஆய்வேடுகளோடு ஒத்துப்போகும் வரிகளை அது சிவப்பில் காட்டும். 'பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்' என்று நான் எழுதிய இடமெல்லாம் சிவந்திருந்தது. அருவிகளுக்கு நான் புதுப்பெயர் வைக்க முடியாது என்பதால் நெறியாளர் சிரித்துக்கொண்டே அவற்றைத் தள்ளிவிட்டார். மூன்றாம் இயலில் ஓரிடத்தில் மட்டும் அவர் பேனா நின்றது.

'கூட்டம் குறையப்போவதை வியாபாரிக்கு முன்பே குரங்கு அறிந்துவிடும். பை பறிக்கும் வேகத்தை இரண்டு நாள் முன்னதாகவே கூட்டிவிடும்.'

"ஒரு பழைய ஆய்வேட்டுல இதே வரி இருக்கும்மா, யார் சொன்னதுன்னு குறிப்பு எதுவும் இல்லாம. அவர் 'வணிகர்'னு எழுதியிருக்கார், நீ 'வியாபாரி'ன்னு எழுதியிருக்க. யாரோட வரி இது?"

"என்னோட வரிதான் மேடம். அந்த ஆய்வேட்டை நான் கண்ணால பார்த்ததே இல்லை."

இரண்டாவது வாக்கியம் உண்மை.

"அப்ப அவர் உன் லேப்டாப்பை வந்து பார்த்துட்டுப் போனாரா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தென்காசியில் எனக்கு டைப் செய்து கொடுக்கும் கடை அண்ணாச்சி, விஷயத்தைக் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார்.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கிய? கொரங்க வானரம்னு மாத்துங்க. பைய மூட்டைன்னு மாத்துங்க. மெசினு பேசாமப் போயிரும். போன மாசம் ஒரு சாருக்கு யானைய எல்லாம் களிறுன்னு மாத்திக் குடுத்தேன். பொட்ட யானையும் சேந்து களிறாப் போச்சு. ஒருத்தரும் கேக்கல."

"வானரம் வந்து மூட்டையப் புடுங்குச்சுன்னா புராணம் மாதிரில்லா இருக்கும் அண்ணாச்சி."

"புராணத்த யாரு வேணாலும் எழுதலாம். கேஸ் கெடையாது."

அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஐந்தருவி சாலைக்குப் பஸ் ஏறினேன். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது அம்மாவின் வரி. ஐந்தருவி சாலையில் அவள் பழக்கடை போட்டிருக்கிறாள். சீசன் முடியும் சமயத்தில் அவள் இதைச் சொல்லாத வருஷமே கிடையாது. அந்தப் பழைய ஆய்வேட்டுக்காரரும் அவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும். ஒரே வாயிலிருந்து வந்ததை இரண்டு பேரும் ஒரே மாதிரி இஸ்திரி போட்டு வைத்திருக்கிறோம். அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அம்மா ரம்புட்டான் கொத்துகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முன்பு ஆய்வுக்கென்று வந்து கேட்டுப் போனவரைப் பற்றி விசாரித்தேன். ஆளை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"கண்ணாடி போட்ட ஆளுல்லா? மங்குஸ்தான் தோலக்கூட மோந்து பாத்துட்டு நோட்டுல எழுதுவாரு. நல்ல ஆளு."

"நல்ல ஆளா? நீ சொன்னத அவரே கண்டுபுடிச்ச மாதிரி எழுதிப் பட்டம் வாங்கிட்டாரு. உன் பேரே இல்ல."

"இல்லயா?" அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, உன்னுதுல எங்கன இருக்கு? காட்டு ஏட்டி."

நான் பக்கங்களைப் புரட்டினேன். இல்லாத ஒன்றை எவ்வளவு நேரம்தான் தேடுவது? ஆய்வேட்டின் கடைசியில் தகவலாளர் பட்டியல் இருக்கும். யார் யாரிடம் செய்தி சேகரித்தோமோ அவர்கள் எல்லோருடைய விவரமும் அதில் வர வேண்டும். பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர் அதில் பதினான்காம் எண். அம்மா கிடையாது.

"அவன் வாயத் தொறந்தா பொய்யி. அவனப் போட்டிருக்க, என்னப் போடல."

"மதினி, கேக்குது," என்றார் சிப்ஸ் கடைக்காரர்.

"கேக்கட்டும்னுதான் சொல்லுதேன்."

நேர்காணல் என்றால் தேதி வேண்டும், ஒலிப்பதிவு வேண்டும், வீட்டில் சோறு போடும்போது சொன்னதெல்லாம் சேராது என்று சமாளித்துப் பார்த்தேன்.

"அப்ப ரெண்டு களவாணியா? ஒருத்தன் வெளியூரு, ஒருத்தி வீட்டுக்குள்ளயே," என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் சுருக்கென்றது.

பட்டியலில் பெயர், வயது, ஊர், தொழில், படிப்பு என்று ஐந்து கட்டங்கள் உண்டு. பத்தொன்பது பேருக்கு 'படிப்பு: இல்லை' என்று கூசாமல் போட்டவள் நான். அம்மாவுக்கு அப்படிப் போட மட்டும் கை வரவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழை எல்லா விண்ணப்பத்திலும் முதல் ஆளாக இணைக்கிறவளும் நான்தான். அந்தச் சான்றிதழ் சொல்வதும் இந்தக் கட்டம் சொல்லப்போவதும் ஒரே செய்தி என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எலெக்ட்ரானிக் தராசின் மேல் போனை வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கினேன்.

"வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"ஆதார்ல அம்பத்திரெண்டு இருக்கு."

"ஆதார்ல போட்டோவும்தான் வேற ஆளு மாதிரி இருக்கு. அத நம்புதியா?"

ஐம்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டு, என் குரங்கு வரியை வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டு நாளா? ரெண்டு மூணு நாளுன்னுல்லா நான் சொல்லுவேன். அதும் எல்லாக் கொரங்கும் கெடையாது, ஐந்தருவிக் கொரங்குதான். பேரருவிக் கொரங்கு என்னைக்கும் புடுங்கும், அதுக்குச் சீசனே இல்ல. இங்கன குட்டி வச்சிருக்கதுதான் மொதல்ல எறங்கி வரும்."

துல்லியமாக இருக்கட்டும் என்று நினைத்து நானும் கண்ணாடிக்காரரும் அந்த மூன்றை விழுங்கியிருக்கிறோம்.

"இதையெல்லாம் ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? காதுல விழுந்தத எழுதிட்டுப் போயிட்ட."

இருபது நிமிஷம் பேசினாள். நடுவில் இரண்டு கிலோ மங்குஸ்தானும் விற்றாள். அந்தப் பேரமும் பதிவில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நெறியாளர் புதிய பத்தியைப் படித்தார். இரண்டு வரி இருந்த இடத்தில் இப்போது ஒரு பக்கம் இருந்தது. அம்மாவின் பேச்சு அவள் பேசியபடியே மேற்கோள் குறிக்குள் இருந்தது. கீழே அடிக்குறிப்பில் தகவலாளர் 37 என்ற எண், இடம், நாள். பழைய ஆய்வேட்டையும் அதே குறிப்பில் சொல்லி, 'மூலத்தை மறைத்துக் கவர்ந்துகொண்டார்' என்று முடித்திருந்தேன். அதை மட்டும் மேடம் அடித்தார்.

"இது அடிக்குறிப்பும்மா, எஃப்.ஐ.ஆர். இல்லை. 'இச்செய்தி முன்னரும் பதிவாகியுள்ளது'ன்னு போட்டுப் பக்க எண்ணைக் கொடு. போதும்."

பட்டியலுக்குப் போய் முப்பத்தேழில் விரலை வைத்தார்.

"இவங்களும் மேலகரம், நீயும் மேலகரம். தெரிஞ்சவங்களா?"

"எங்க அம்மா மேடம்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அன்று 'என்னோட வரிதான்' என்று நான் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கலாம்.

"சொந்தம்னா அதையும் எழுதணும். படிக்கிறவங்களுக்குத் தெரியணும்ல?"

மறுபடி டைப் அடிக்க நேரமில்லை. அவருடைய பேனாவையே வாங்கி, 'படிப்பு: இல்லை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஆய்வாளரின் தாய்' என்று என் கையால் எழுதினேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.