தண்ணிக்காரர் வளர்த்த குடுவைச் செடி

நெடுந்தீவில் பஸ்ரியாம்பிள்ளையைத் தெரியாத வீடு இருந்தால், அந்த வீட்டில் குடிக்கத் தண்ணி இல்லை என்று அர்த்தம். உழவு மெசினில் தண்ணித் தாங்கியை இழுத்துக்கொண்டு பதினெட்டு வருசமாக வீடு வீடாய் நல்ல தண்ணி கொடுக்கிற மனுசன். அப்படிப்பட்டவரை ஒரு பூச்சாடிச் செடி படுத்திய பாடு இருக்கிறதே!

கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போனவர், பூங்கன்றுக் கடையொன்றில் அதைக் கண்டார். இலை நுனியிலிருந்து கொடி நீண்டு, அதன் முனையில் மூடி போட்ட குடுவை. உள்ளே விழுகிற இலையான், எறும்பு, பூச்சியெல்லாம் அதற்குச் சாப்பாடாம். அரை மணித்தியாலம் வாயைப் பிளந்தபடி நின்றார். பிறகென்ன, ரயிலிலும் குறிகட்டுவான் துறையில் ஏறிய படகிலும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தார்.

"இலையானுக்குச் சவக்காலை கட்டியே கொண்டந்திருக்கிறியள்?" என்று மனுசி ஞானசவுந்தரி விழுந்து விழுந்து சிரித்தா.

வந்த மாதமே செடி கறுக்கத் தொடங்கியது. இருந்த மூன்று குடுவையும் சருகாகிவிட்டன. மனுசன் என்னதான் செய்யவில்லை? தீவிலேயே திறமான கிணற்றுத் தண்ணியில் முதல் வாளி அதற்குத்தான். ஆட்டெருவும் போட்டார். பார்க்கப் பார்க்க அது இன்னும் வாடியது. ஊரே என் தண்ணியில் உயிர் வாழுது, இந்த ஒரு சீவன் என் கையால் சாகுதே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் வேறு.

ஒருநாள் தேத்தண்ணிக்குக் கேத்திலை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதன் அடியில் வெள்ளைப் படை. சாடி விளிம்பிலும் அதே வெள்ளைப் படை.

"இஞ்சேரும்! எங்கட நல்ல தண்ணியிலயும் சுண்ணாம்பு கிடக்கப்பா. நான்தான் இதுக்கு நஞ்சு வாத்திருக்கிறன்!"

உப்புக் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணி. அதற்குமேல் இந்தத் தீவில் யார் கேட்டார்கள்?

மழைத்தண்ணி வாக்கலாம். ஆனால் சோளகக் காத்து அடிக்கிற ஆனி மாதத்தில் மழைக்கு எங்கே போவது? ஆசுப்பத்திரிக்குத் தண்ணி இறக்கப் போன இடத்தில், மருந்தறைப் பின்சுவரில் ஏசிக் குழாய் சொட்டுவது கண்ணில் பட்டது. காத்திலிருந்து வடிகிற தண்ணி. அதில் சுண்ணாம்புக்கு என்ன வேலை? எருமண்ணைக் கொட்டி, செடியை வெறும் தென்னந்தும்பில் நட்டு, தினமும் போத்தலோடு அந்தச் சுவரடியில் குந்தினார்.

"என்ன அண்ணை, தாங்கி வத்திப்போச்சோ?" என்று கண்டவனெல்லாம் பகிடி பண்ணினான். பண்ணட்டுமே! சோளகம் சுடாமல் சாடியைச் சுற்றி ஈரச்சாக்கும் கட்டிவைத்தார்.

ஆவணியில் புதிய இலை வந்தது. நுனியில் கொடி நீண்டது. முனை வீங்கிக் கச்சான் கடலை அளவாகி, பிறகு பெருவிரல் அளவானது. ஒரு காலை அதை விரலால் ஏந்திப் பார்த்தார். பாரமாக இருந்தது. சாடியைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்.

ஐயோ, கடவுளே! பச்சைத் தோலுக்கூடாக, உள்ளே பாதிவரை தண்ணி தெரிந்தது. சாடியை அசைத்தால் அதுவும் அசைந்தது. மூடியோ இன்னும் திறக்கவே இல்லை, விளிம்போடு ஒட்டிக் கிடந்தது. ஊசித் துவாரம்கூடக் கிடையாது. அவர் வாத்ததெல்லாம் வேருக்குத்தான்.

மனுசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாடியைப் பிடித்தபடியே முற்றத்தில் முழங்காலில் இருந்துவிட்டார். ஞானசவுந்தரி பதறி ஓடிவந்தா.

"என்னப்பா, என்ன செய்யுது?"

"சத்தம் போடாதையும்," என்றார் கண் கலங்க. "உள்ளுக்குத் தண்ணி. ஆரும் கொண்டுவந்து குடுக்கேல்லை."