அப்பா செய்த இன்ஸ்பெக்‌ஷன்

ஸ்காட்லாந்தில் ஆராய்ச்சி செய்ய எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்த செய்தி, எனக்கு முன்னால் அப்பாவின் கம்பெனியில் துணி தேய்க்கிற அயர்ன் டேபிள்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. அப்பா மேனேஜராக இருந்த பனியன் கம்பெனியின் ஃபேக்ஸ் எண்ணைத்தான் விண்ணப்பத்தில் கொடுத்திருந்தேன். புது ஆர்டர் என்று நினைத்து, வந்த ஃபேக்ஸைக் கிழித்துக்கொண்டு ஓடிய ஆபீஸ்காரர், செக்கிங் பெண்கள் வரைக்கும் காட்டிவிட்டுத்தான் அப்பாவிடம் கொடுத்தாராம். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், வழியெல்லாம் பார்ட்டி எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து காகிதம் அனுப்புகிற எவரும் எங்கள் ஊரில் சரக்கு வாங்குகிற பார்ட்டிதான். பாவம், என்னை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக எழுதிய பேராசிரியரும் பார்ட்டியாகிவிட்டார்.

நான் அப்போது கோயமுத்தூரில் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிற நேரம். ஆராய்ச்சி, சாயக்கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றி. அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம்தான். சாயத்தண்ணீரைப் பற்றிப் படிக்க, சாயத்தண்ணீரே ஓடாத ஊருக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சியெல்லாம் முடித்து டாக்டர் பட்டமும் வாங்கியாயிற்று, அதற்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வருகிறேன் என்று மாதம் முடிவதற்குள் நான் எழுதிப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவோ நிதானமாகப் பல் குத்திக்கொண்டே, "எடத்தைப் பாக்காம எப்படி கண்ணு சரக்கை அனுப்பறது?" என்றார். சரக்கு என்று அவர் சொன்னது என்னைத்தான்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், ஒரு வெளிநாட்டு பார்ட்டியின் ஆட்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் கம்பெனியை இன்ஸ்பெக்‌ஷன் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அமர்க்களத்தைச் சொல்லி மாளாது. சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். தீயணைக்கும் சிலிண்டரைப் பக்கத்துக் கம்பெனியில் இரவல் வாங்கி மாட்டினார்கள். கக்கூஸில் ஊற்றிய ஃபினாயில் வாடையில் டெய்லர்களுக்குத் தலை சுற்றியது. அவர்கள் கொடுத்த கேள்வித்தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அப்பா கூசாமல் டிக் போட்டுக் கொடுத்தார்.

அதே கேள்விகளை இப்போது பேராசிரியருக்கு அனுப்பச் சொன்னார். டைப் அடித்தது நான். குடிதண்ணீர் உண்டா, தங்குமிடம் எப்படி, அவசர வழி திறந்திருக்கிறதா, முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா. ஓவர்டைம் உண்டா என்பதையும் பொறுத்துக்கொண்டேன். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறீர்களா என்று வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய மனுஷனிடம் இதைக் கேட்டால் என்னை மதிப்பாரா? ஒரு கேள்விகூடக் குறையக் கூடாது என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

பதில் வருவதாகக் காணோம். அப்பா தினமும் வீட்டுக்கு வந்து, பார்ட்டி வாயே திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மாதக் கடைசியில் வந்தே விட்டது, கேள்விக்குக் கேள்வி பதில். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். நான் தங்கப்போகிற விடுதியில் குளிர்காலத்தில் ஹீட்டர் அடிக்கடி நின்றுபோகும். மழை பெய்தால் மாடி ஒழுகும். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தாராம், மருந்தெல்லாம் காலாவதியாம். அவசர வழியை மறித்து யாரோ சைக்கிள்களை நிறுத்தியிருந்தார்களாம். இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகுதான் எடுக்கச் சொன்னாராம். சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லையாம், சின்னப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொள்கிற பேராசிரியர்கள் மட்டும் சிலர் உண்டாம்.

பொய் சொல்லத் தெரியாத இந்த மனுஷன் என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாரே என்று நினைத்தேன்.

"ஏனுங்க, குளுருக்குள்ள ஹீட்டரு நின்னு போயிருமாமா?" என்று அம்மா ஆரம்பித்தார்.

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "நாம எல்லாஞ் சரியா இருக்குதுன்னுதான எழுதிக் குடுத்தோம்? இந்தாளு ஒழுகறதை ஒழுகுதுன்னே எழுதீருக்கறாரு. இவரை நம்பி அனுப்பலாம்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "அப்ப நான் போகட்டுங்களாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா ஃபேக்ஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதற்கப்புறமும் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போ கண்ணு. இதுக்கெல்லாம் எவனும் பதில் எழுத மாட்டான்னு நெனச்சுத்தான் அனுப்பச் சொன்னேன்."