திவாலாக அறுநூற்று எண்பது பவுண்டு

பெவர்லி ஹாலிவெல் தன் ஐம்பத்து நாலாவது வயதில், திவாலாவதற்காகப் பணம் சேர்க்க ஆரம்பித்தாள்.

மஞ்சள் கடுதாசி கொடுக்கவும் கட்டணம் உண்டு என்று இங்கிலாந்தின் விகன் ஊர் இலவசக் கடன் ஆலோசனை மையத்தில் ஜோன் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோனுக்கு அந்தச் சிரிப்பு பழக்கம்தான்.

"எவ்வளவுங்க?"

"அறுநூத்தி எண்பது பவுண்டு."

"அவ்வளவு இருந்தா நான் எதுக்குங்க இங்க வர்றேன்?"

"வர்றவங்க எல்லாம் இதையேதான் கேக்குறாங்க கண்ணு. கடன் இருபதாயிரத்துக்குள்ள இருந்தா தொண்ணூறு பவுண்டுல முடியுற வேற வழி இருக்கு. உங்களுது இருபத்து மூவாயிரத்து நானூறு."

"என் புருஷன் இன்னும் கொஞ்சம் கம்மியா வாங்கியிருக்கலாம்னு சொல்றீங்க. ஸ்பெயின்ல வெயில் காஞ்சிக்கிட்டு இருக்கான், சொல்லி அனுப்புறேன்."

கூரை வேலை செய்துகொண்டிருந்த கீத் போகும்போது வேனை எடுத்துக்கொண்டு போனான். வேன் வாங்கிய கடனை விட்டுவிட்டுப் போனான். எல்லாப் பத்திரத்திலும் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. ஆள் கிடைத்தது ஒருத்திதான்.

கட்டணத்தை ஐந்து ஐந்து பவுண்டாகக்கூடக் கட்டலாம். ஆனால் கடைசி பவுண்டும் போய்ச் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பத்தை அனுப்ப முடியும். ஜனவரியிலிருந்து பெவர்லி பேருந்தை விட்டாள். விடியுமுன் எழுந்து மூன்று மைல் நடந்து வேலைக்குப் போனாள். காசு வைத்து ஆடும் பிங்கோ விளையாட்டை விட்டாள். கால் வலிக்கிறதா என்று யாராவது கேட்டால் உடம்பு இளைக்க நடக்கிறேன் என்பாள். அவளுக்கு இளைக்க அதிகம் எதுவும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வேலை, சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வரிசையில் முப்பத்தெட்டு வருஷமாக நிற்கிறாள். அதில் பத்தொன்பது வருஷமாக அந்த வரிசைப் பெண்களின் கிறிஸ்துமஸ் சீட்டு அவள் கையில். பதினோரு பேர், ஆளுக்கு வாரம் பத்து பவுண்டு. வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில் நோட்டைத் திறப்பாள், வாங்குவாள், பெயருக்கு நேராக ஒரு கோடு போடுவாள். டிசம்பரில் திருப்பிக் கொடுப்பாள். இதற்கு வட்டியும் கிடையாது, கமிஷனும் கிடையாது. முதலில் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். தொகை பெரிதானதும், சீட்டுக்கென்று தனிப் பெயர் இல்லாததால், தன் பெயரிலேயே ஒரு கணக்கு தொடங்கிப் போட்டுவந்தாள்.

அந்த ஜூலையில் சீட்டுக் கணக்கில் மூவாயிரத்துக்கு மேல் இருந்தது. அவளுடைய கட்டணத்துக்கு நானூறுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவைப்பட்டது. எடுத்து, கடனை முடித்து, டிசம்பருக்குள் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மின்சார ரசீதின் பின்புறத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. சரியாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாளும் நடந்தே போனாள்.

அக்டோபரில் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. நவம்பர் முதல் சம்பளத்திலேயே பிடித்தம் செய்யப்படும். அதற்குள் திவால் உத்தரவு வந்துவிட்டால் பிடித்தம் நின்றுவிடும். அதுவரை அறுநூற்றுப் பதினைந்து கட்டியிருந்தாள். மிச்சம் அறுபத்தைந்துதான். ஜோனோடு உட்கார்ந்து பாரத்தை நிரப்பினாள்.

"உங்க பேர்ல எத்தனை கணக்கு?"

"ரெண்டு. ஒண்ணு என்னுது இல்ல."

"பேர் யாரோடது?"

"பேர் என்னுது. பணம் எங்க வேலைப் பொம்பளைங்களோடது."

ஜோன் பேனாவைக் கீழே வைத்தாள். "உத்தரவு வர்ற அன்னிக்கு உங்க பேர்ல இருக்குற எல்லாக் கணக்கும் முடங்கிடும் கண்ணு. அது அவங்க பணம்னு நோட்டைக் காட்டி நிரூபிக்கலாம், திரும்பியும் வரும். ஆனா கிறிஸ்துமஸுக்கு வராது."

"இப்பவே குடுத்துட்டா?"

"குடுத்துடுங்க. அவங்க பணம்தானே. பாரத்துல மட்டும் மறைக்காம எழுதுங்க."

கொடுப்பதில் சிக்கல் இல்லை. ஏன் இரண்டு மாதம் முன்னாலேயே என்று கேட்பார்களே. வீடு வரும் வழியில் பெவர்லிக்கு ஒரு நல்ல பொய் கிடைத்தது. வங்கிக் கிளையை மூடப்போகிறார்கள் என்று சொல்லலாம். ஊரில் மாதம் ஒரு கிளை மூடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாங்கிய கடனைக் கட்ட முடியாதவள் என்று தெரிந்தால் அந்த நோட்டு அவள் கைக்குத் திரும்பாது. கீத் விட்டுப்போன அந்த வருஷம் வீட்டில் எல்லாமே ஆட்டம் கண்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அந்த நோட்டைத் திறந்த கால் மணி நேரம்தான் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன? பத்தொன்பது வருஷம் காசில் பொய் சொல்லாதவளுக்கு அந்த ஒரு பொய்யைக்கூட அனுமதிக்கலாம் என்றுதான் நமக்கும் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை பதினோரு பழுப்பு உறைகளை மேஜையில் அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் நானூற்றுப் பத்து.

"என்னடி இது, கிறிஸ்துமஸ் தாத்தா வழி தவறி வந்துட்டாரா?" என்றாள் டெனிஸ். வரிசையில் அவளுக்கு எதிர்முனையைப் பிடித்து விரிப்பு மடிப்பவள். வாய் நீளம்.

"பேங்க்ல..." என்று ஆரம்பித்தாள் பெவர்லி.

"கிளையை மூடுறானா? எங்க தெருவுலயும் மூடிட்டான், பாவிப்பய."

சொல்ல வந்த பொய்யை டெனிஸே சொல்லிவிட்டாள். தலையை ஆட்டினால் போதும். பெவர்லியின் தலை ஆடவில்லை.

"மூடலடி. நான் திவாலாகப் போறேன். என் பேர்ல இருக்குற கணக்கு முடங்கிடும். அதுக்கு முன்னாடி உங்க காசு உங்ககிட்ட வந்துடணும்."

தேநீர்க் கெண்டி கொதித்துத் தானாக அணைந்தது. டெனிஸ் தன் உறையைப் பிரித்து எல்லார் முன்னாலும் எண்ணினாள். மெதுவாக, இரண்டு முறை.

"நானூத்திப் பத்து," என்றாள். "முழுசா எண்ணிக் குடுத்துட்டுத் திவால்ங்கற. நான் ஒழுங்கா இருக்கேன்னு பேரு, இதை விட்டா என்கிட்ட நாற்பதுகூட இல்ல."

இரண்டு பேர் சிரித்தார்கள். கேரல் சிரிக்கவில்லை. உறையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். "தப்பா எடுத்துக்காத பெவ். இனிமே நானே சேத்துக்கிறேன்."

"அதுதான் சரி," என்றாள் பெவர்லி. அது வலிக்காமல் இல்லை.

"இன்னும் எவ்வளவு கட்டணும்?" என்று டெனிஸ் கேட்டாள்.

"அறுபத்தஞ்சு."

டெனிஸ் உறையிலிருந்து நோட்டுகளை உருவினாள். "இந்தா. அப்புறமா குடு."

"வேணாம். வாங்கினா நான் உனக்கும் கடன்காரி. உன் பேரையும் பாரத்துல எழுதணும். உன் காசும் சேர்ந்து முழுகும்."

"அடிப்பாவி, உதவி பண்ண வந்தா என்னையும் பட்டியல்ல சேக்கப் பார்க்குறா!"

இந்தமுறை நிறையப் பேர் சிரித்தார்கள்.

மிச்ச அறுபத்தைந்தைப் பெவர்லி இரண்டு சனிக்கிழமை கூடுதல் வேலை செய்து கட்டினாள். பாரத்தில், சீட்டுப் பணம் இருந்ததையும் திருப்பிக் கொடுத்ததையும் தேதி போட்டு எழுதினாள். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் ஆறு பெயர்கள் வந்தன, ஆறும் கம்பெனிகள். வேறு யாருக்காவது தர வேண்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று கணினியில் தட்டி அனுப்பினாள். இரண்டு நாளில் உத்தரவு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தேநீர் அறையில் அவள் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள். கையில் நோட்டு இல்லாமல் அந்தக் கால் மணி நேரத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. டெனிஸ் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவையும் ஒரு நோட்டையும் கொண்டுவந்து நடுமேஜையில் வைத்தாள்.

"இனிமே சீட்டு டப்பா நம்ம வரிசை ஷீலா வீட்டுல இருக்கும். அவ புருஷனுக்கு மாடிப்படி ஏற முடியாது, மேல வச்சா பத்திரம். ஆனா யார் போட்டாங்க போடலன்னு ஷீலாவுக்கு எழுதத் தெரியல. போன வாரம் ஒரு தடவை போட்டதுக்கு என் பேருக்கு நேரா ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கா."

"நீ சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"பட்டேன். அப்புறம் உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு." டெனிஸ் பத்து பவுண்டை டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள். "பணத்தைத் தொடாத. கோடு மட்டும் போடு. வாடி."

டெனிஸுக்குப் பின்னால் ஒன்பது பேர் காசோடு நின்றார்கள். கேரல் தூரத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். பெவர்லி நடுமேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தாள்.

"முதல்ல உன் பேர்ல இருக்குற அந்த ரெண்டாவது கோட்டை அடிச்சுடுறேன்," என்றாள்.